ஸ்பீட் கன்னில் சிக்கினால்: தமிழ்நாட்டில் வேக வழக்கு எப்படிப் போடுகிறார்கள், சலானை எப்படிச் சரிபார்ப்பது

போலீஸ்காரர் ஒருவர் கண்ணால் பார்த்து "நீ வேகமாகத்தான் வந்தாய்" என்று சொல்வதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 183, உட்பிரிவு 3 இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒரே சாட்சியின் அபிப்பிராயம் போதாது, அந்த அபிப்பிராயம் ஒரு கருவி அளந்த வேகத்தின் மேல் நிற்க வேண்டும். ஸ்பீட் கன், முக்காலி, கேமரா, வேகக் கருவி பொருத்திய இன்டர்செப்டர் வண்டி எல்லாம் சாலைக்கு வந்ததற்கு இதுவே காரணம். வேக வழக்கு என்றால் அது ஒரு அளவீட்டு வழக்கு. கருவி என்ன காட்டியது, எந்த வண்டியைக் காட்டியது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, அங்கே வரம்பு என்ன என்ற ஐந்தும் பொருந்தினால் வழக்கு நிற்கும். ஒன்று பிசகினாலும் கேள்வி கேட்கலாம். சலான் வந்ததும் பதறிப்போய்ப் பணம் கட்டுவதும், கோபத்தில் குப்பையில் போடுவதும் இரண்டுமே தவறு. முதல் வேலை அதைப் படிப்பது.

உங்கள் சாலையில் வரம்பு என்ன?

சென்னை மாநகருக்குள் 2023 நவம்பர் 4 முதல் இருக்கும் வரம்பு இது: கார் போன்ற இலகு வாகனங்களுக்கு மணிக்கு 60 கி.மீ., பஸ், லாரி போன்ற கனரக வாகனங்களுக்கு 50, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதித் தெருக்களில் எந்த வண்டியானாலும் 30. இருசக்கர வாகனக்காரர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பக்கத்தில் போகிற கார் 58-ல் போகிறதே என்று கூடவே போவார்கள். காருக்கு அது வரம்புக்குள், பைக்குக்கு 8 கி.மீ. அதிகம்.

நெடுஞ்சாலையில் பலகையை நம்புங்கள். சிவப்பு வட்டத்துக்குள் கறுப்பு எண் போட்ட பலகைதான் அந்த இடத்தின் சட்டம். நான்கு வழிச் சாலையில் காருக்கு 100 என்று மத்திய அரசு 2018-ல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது; அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது. எனவே "ஹைவேயில் நூறு போகலாமே" என்ற பழைய வாதத்தை எடுத்துக்கொண்டு எஸ்.ஐ.யிடம் போகாதீர்கள். பள்ளி, மருத்துவமனை, பாலம், ஊர் நுழைவு ஆகிய இடங்களில் பலகையின் எண் சட்டென்று இறங்கும். ஸ்பீட் கன் வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

40, 50, 60 என்று பத்துப் பத்தாகப் பிரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 40-ல் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் நகரும், 60-ல் போவது கிட்டத்தட்ட 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி, பிறகு காய்ந்த சாலையில் நல்ல பிரேக் என்று வைத்துக்கொண்டால், 40-ல் வந்த கார் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வந்ததற்கு சுமார் 36 மீட்டர் வேண்டும். 25 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை சாலையில் இறங்கினால் முதல் கார் நின்றிருக்கும். இரண்டாவது கார் இன்னும் பாதி வேகம்கூடக் குறையாமல் வந்துகொண்டிருக்கும். வேகச் சோதனையை வசூல் வேலை என்று மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

கருவி எப்படி அளக்கிறது

இரண்டு வகை உண்டு. ரேடார் கன் ரேடியோ அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். 24.15 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கன்னில் ஒவ்வொரு கிலோமீட்டர் வேகத்துக்கும் சுமார் 45 ஹெர்ட்ஸ் மாற்றம் வரும். லேசர் கன் கண்ணுக்குத் தெரியாத ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். அரை நொடிக்குள் பல முறை தூரத்தை அளந்து, அது எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதிலிருந்து வேகத்தைச் சொல்லிவிடும்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கதிரின் அகலம். கையில் பிடிக்கும் ரேடாரின் கதிர் 12 பாகை விரிந்தால், 200 மீட்டர் தூரத்தில் அதன் அகலம் 40 மீட்டரைத் தாண்டும். சாலையின் எல்லாத் தடங்களும் அதற்குள் வந்துவிடும். முன்னால் ஒரு ஸ்கூட்டரும் பின்னால் ஒரு பஸ்ஸும் வந்தால், பெரிய உடம்பிலிருந்து வரும் எதிரொலிதான் பலமாக இருக்கும். அப்போது திரையில் தெரியும் எண் யாருடையது என்பதை இயக்குபவர் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். லேசரின் கதிர் அதே 200 மீட்டரில் சுமார் 60 செ.மீ. அகலம்தான். நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ குறிவைத்தால் அந்த வண்டியை மட்டும் பிடிக்கும். நெரிசலான சாலைக்கு லேசர்தான் நியாயமான கருவி.

லேசரிலும் பிசகு வரும். குறி நம்பர் பிளேட்டில் தொடங்கி, கை அசைந்து பானெட், கண்ணாடி என்று நகர்ந்துவிட்டால், தூரம் மாறியது வண்டி ஓடியதாலா, புள்ளி நகர்ந்ததாலா என்று கருவி குழம்பும். நல்ல கருவிகள் இப்படிப்பட்ட அளவீட்டை நிராகரித்துப் பிழை காட்டும். அதனால்தான் கையில் பிடிப்பதைவிட முக்காலியில் வைப்பது நல்லது. பக்கம் பக்கமாக வரும் இரண்டு பைக்குகளும் தொல்லைதான்: சின்ன இலக்கு, குறி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும்.

"ஓரமாக நின்று சாய்வாகப் பிடித்தார்கள், அதனால் வேகம் கூடுதலாகக் காட்டியது" என்று பலர் வாதாடுகிறார்கள். கணக்கு இதற்கு நேர் எதிர். சாய்வாக அளந்தால் கருவி உண்மை வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். நீங்கள் 70-ல் வந்து கருவி 10 பாகை கோணத்தில் இருந்தால் 69-ஐ ஒட்டிக் காட்டும். 20 பாகை என்றால் 66-ஐ ஒட்டி. ஓரத்தில் நிற்பதன் லாபம் ஓட்டுநருக்குத்தான். "என் ஸ்பீடோமீட்டர் 55-தான் காட்டியது" என்பதும் எடுபடாது. ஸ்பீடோமீட்டர்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் செய்யப்படுகின்றன. அது குறைத்துக் காட்டுகிறது என்றால் நீங்கள் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருக்கக்கூடும்.

சாலையில் வேலை நடக்கும் விதம்

நேரான, பார்வைக்குத் தடையில்லாத பகுதியாக, விபத்து நடக்கும் இடத்தை ஒட்டித் தேர்ந்தெடுப்பார்கள். ஒருவர் கருவியில் இருப்பார். சில நூறு மீட்டர் தள்ளி இன்னொரு குழு தடுப்பு வைத்து நிற்கும். அளந்தவர் வாக்கி டாக்கியில் நம்பர், நிறம், வண்டி வகை, வேகம் சொல்வார். முன்னால் இருப்பவர் நிறுத்துவார். தவறு அதிகம் நுழைவது இந்தக் கைமாற்றத்தில்தான். ஒரே மாடல், ஒரே நிறத்தில் இரண்டு வெள்ளைக் கார்கள் வந்தால் வேறு கார் நிற்கலாம். கருவியில் படம் பதிந்திருந்தால் நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்ற விதி சேர்ந்தது. ஸ்பீட் கேமரா, ஸ்பீட் கன், உடலில் மாட்டும் கேமரா, நம்பர் பிளேட்டைத் தானே படிக்கும் கேமரா எல்லாம் இதற்குள் வருகின்றன. வாகனம் ஓட்டுபவர் மூன்று விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கருவிக்கு மாநிலத்தின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இதற்கு மேல், ரேடார் கருவிகளை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற நாம் ஸ்பீட் கன்னுக்கும் கேட்கலாம்.

நிறுத்தினால் செய்ய வேண்டியது எளிது. இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள். திரும்பி எதிர்த் திசையில் ஓடுவது மிக மோசமான முடிவு; நம்பர் ஏற்கெனவே பதிந்துவிட்டது, எதிர்த் திசைக்கு ஆபத்தான ஓட்டம் என்று தனி வழக்கும் சேரும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டலாம். விதி 139 மின்னணு வடிவத்தை ஏற்கிறது. வாட்ஸ்ஆப்பில் இருக்கும் புகைப்படமும் ஜெராக்ஸும் அந்தக் கணக்கில் வராது. சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காது என்பதால் கிளம்பும் முன்பே ஆவணங்களை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு மரியாதையாகக் கேளுங்கள்: "சார், என்ன ரீடிங் வந்திருக்கு? ஒரு தடவை பார்க்கலாமா?" பெண் அதிகாரி என்றால் "மேடம்". கேட்பதில் தவறே இல்லை, பல நேரம் காட்டுவார்கள். திரையில் எண்ணை மட்டும் பார்க்காமல் நேரத்தையும், குறிக்குள் இருப்பது உங்கள் வண்டிதானா என்பதையும் பாருங்கள். தெரிந்தவருக்குப் போன் போட்டுக் கையில் நீட்டுவது வேலையைக் கெடுக்கும். ஃபைன் கட்டுவதாக இருந்தால் கார்டு, யு.பி.ஐ. மூலம் கட்டி ரசீது வாங்குங்கள், அல்லது சலானைப் பெற்றுக்கொண்டு பிறகு ஆன்லைனில் கட்டுங்கள். ரசீது இல்லாமல் பணமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

வீட்டுக்கு வந்த சலானைப் படிப்பது

கேமரா சலான் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக வரும். பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் என்று மூன்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வண்டி எண்ணைக் கொடுத்தால் சேஸிஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கத்தைக் கேட்கும், அது ஆர்.சி.யில் இருக்கிறது. சலானைத் திறந்ததும் தொகையைப் பார்க்காமல் படத்தைப் பெரிதாக்குங்கள்.

படத்தில் நம்பர் பிளேட்டை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். தானியங்கிக் கேமரா 8-ஐயும் ஆங்கில பி எழுத்தையும், 1-ஐயும் 7-ஐயும் மாற்றிப் படிக்கும். பிளேட்டில் சேறு, வளைந்த முனை, வித்தியாசமான எழுத்துரு இருந்தால் இன்னும் மோசம். அடுத்து வண்டியே உங்களுடையதா என்று பாருங்கள்: நிறம், மாடல், பின்பக்க ஸ்டிக்கர், பக்கவாட்டுக் கீறல். உங்களுடையது சிவப்பு ஸ்கூட்டர், படத்தில் கறுப்பு பைக் என்றால் படிப்பதில் தவறு, அல்லது யாரோ உங்கள் எண்ணை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். இரண்டாவது சந்தேகம் வந்தால் அன்றே போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வேக சலானோடு நின்றால் பரவாயில்லை, நாளை அதே எண்ணில் ஒரு விபத்து வழக்கு வரலாம்.

பிறகு அளந்த வேகமும் அனுமதித்த வேகமும். உங்கள் வண்டி வகைக்கான வரம்பைத்தான் போட்டிருக்கிறார்களா? சென்னையின் பொது வரம்புள்ள சாலையில் காருக்கு 50 என்று போட்டிருந்தால் அது பைக்கின் வரம்பு. இடத்தின் பெயர், தேதி, நேரம் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்கள் என்றால் ஃபாஸ்டேக் கணக்கு அறிக்கை நல்ல சாட்சி. டோல்கேட்டைக் கடந்த நேரம் நிமிடம் தவறாமல் அதில் இருக்கும். குற்றம் நடந்த நாளுக்கும் நோட்டீஸ் அனுப்பிய நாளுக்கும் இடையே 15 நாளுக்கு மேல் ஓடியிருக்கிறதா என்றும் எண்ணுங்கள். கடைசியாக, மின்னணுப் பதிவு உண்மையானது என்று சொல்லும் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கேட்கும் சட்டம்: முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 65பி(4), 2024 ஜூலை 1-க்குப் பிறகு பாரதிய சாக்ஷிய அதிநியம் 63(4). படமும் அளவீடும் கோர்ட்டில் நிற்க இது தேவை.

சிக்னல் சலான் என்றால் படங்களின் வரிசை முக்கியம். விளக்கு சிவப்பாக இருக்கும்போது வண்டி ஸ்டாப் லைனுக்கு முன்னால் இருப்பது ஒரு படம், அதைத் தாண்டிய பிறகு இன்னொரு படம். இரண்டாவது மட்டும் இருந்தால், மஞ்சளில் கடந்தீர்களா சிவப்பில் கடந்தீர்களா என்பது அதிலிருந்து தெரியாது. ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டுக் கோட்டைத் தாண்டியிருந்தால், அது படத்தின் ஓரத்தில் தெரிகிறதா என்று தேடுங்கள். டேஷ்கேம் பதிவு இருந்தால் அழியும் முன் எடுத்து வையுங்கள்.

தவறு இருந்தால்

முதல் விதி: எதிர்க்கப்போகிறீர்கள் என்றால் பணம் கட்டாதீர்கள். சலானுக்குப் பணம் கட்டுவது பிரிவு 200-ன் கீழ் இணக்கத் தொகை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கை முடிக்கும் தொகை, செலுத்துவது. கட்டியதும் வழக்கு முடிந்துவிடும். "பிறகு திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்" என்பது பெரும்பாலும் நடக்காது.

இ-சலான் தளத்திலேயே புகார்ப் பகுதி இருக்கிறது. சலான் எண், தவறு எது என்று இரண்டே வரி, ஆர்.சி. நகல், வண்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும் படம், இவ்வளவும் போதும். நான்கு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். "சலான் படத்தில் உள்ள வண்டி கறுப்பு மோட்டார் சைக்கிள், என் எண்ணுக்குப் பதிவான வண்டி சிவப்பு ஸ்கூட்டர்" என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் புரியும். சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கும் அதே தாளோடு நேரில் போகலாம். அதிலும் தீரவில்லை என்றால் கோர்ட். வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனில் நடக்கும் கோர்ட்) போயிருந்தால் அங்கே இரண்டு வழி தெரியும்: அபராதம் கட்டுவது, எதிர்ப்பது. எதிர்ப்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான கோர்ட்டுக்கு மாறும், தேதி வரும், நேரில் போக வேண்டும். கருவியின் ஒப்புதல் சான்றிதழையும் அதன் தேதியையும் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

வண்டியை ஓட்டியது வேறு ஒருவர் என்றால், யார் ஓட்டினார் என்று சொல்லும் கடமை பிரிவு 133-ன்படி உரிமையாளருக்கு உண்டு. டிரைவர் வைத்திருப்பவர்களும் வண்டியை நண்பருக்குக் கொடுப்பவர்களும் தேதி, நேரம் குறித்து வைப்பது நல்லது.

தொகையும் அதற்கு மேலும்

தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து உயர்ந்த தொகைகள் அமலில் உள்ளன. சட்டம் வேகத்துக்கு இலகு வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 என்று வரம்பு வைத்திருக்கிறது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000, சீட் பெல்ட் 1,000, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000, இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் முறை 2,000, அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 10,000. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாயும் மூன்று ஆண்டு வரை சிறையும், ஆர்.சி. 12 மாதம் ரத்து. குடித்துவிட்டு ஓட்டுவது சாலையில் பணம் கட்டித் தீராது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கோர்ட்தான், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ.

தொகையைவிடப் பெரிய விஷயம் லைசென்ஸ். இரண்டாவது முறை வேகத்தில் சிக்கினால் லைசென்ஸைப் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. வேகம், சிவப்பு விளக்கு மீறல், ஓட்டும்போது செல்போன், போதை, அதிக பாரம் ஆகியவற்றுக்கு குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே அறிவுறுத்தியது. வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆயிரம் ரூபாயைவிட மூன்று மாதம் வீட்டில் உட்காருவதுதான் அடி.

சலான் வராமலே போவதும் பொய்யாக வருவதும்

"எனக்கு மெசேஜே வரவில்லை, திடீரென்று ஏழு சலான் நிற்கிறது" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஆர்.சி.யில் இருக்கும் செல் நம்பர். புது வண்டி எடுக்கும்போது ஷோரூம்காரர் தன் நம்பரைப் போட்டிருப்பார், பழைய வண்டி என்றால் புரோக்கர் நம்பர் இருக்கும். பரிவாகன் தளத்தில் உங்கள் நம்பர்தான் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். வண்டியை விற்றவர்கள் படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாறியதை உறுதி செய்யும் வரை நிம்மதியாக இருக்க முடியாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டால், வாங்கியவர் போடும் ஒவ்வொரு வேகமும் உங்கள் பெயரில்தான் சலானாக வரும்.

பொய்ச் சலான் வேறு ஒரு தொல்லை. வாட்ஸ்ஆப்பில் "உங்கள் வண்டிக்கு ஃபைன்" என்று ஏ.பி.கே. கோப்பு ஒன்று வரும். நிறுவினால் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். அரசு எந்தச் சலானையும் செயலிக் கோப்பாக அனுப்புவதில்லை. உண்மையான தளத்தின் முகவரி "ஜி.ஓ.வி. புள்ளி இன்" என்று முடியும். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், பிரவுசரைத் திறந்து நீங்களே இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் அந்த மெசேஜை அழித்துவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தகவல் சொல்லுங்கள்.